இடது பக்கத்து நாற்காலி

1

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கூட்டம். இந்தக் கதை அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றுவிடும். அதற்கு மேல் கொண்டுபோக முயன்றேன். முடியவில்லை. முன்பே சொல்லிவிடுவது மரியாதை.

இது கதையாகப் பிறக்கவில்லை. அலுவலக வேலையாகப் பிறந்தது. அந்த வேலை என் அக்காவுடையது.

அக்கா ஒரு சின்ன நிறுவனத்தில் ஒரு பொருளுக்குப் பொறுப்பாளர். பொருள் என்பது ஒரு பெட்டி. செருப்பு வாங்கினால் கொடுப்பார்களே, அந்த அட்டைப்பெட்டி அளவு இருக்கும். மெல்லிய லேப்டாப்களில் கனமான வேலை ஓடாது. வீடியோ வெட்டினால் திணறும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் வலு அவ்வளவுதான். பெரிய கம்ப்யூட்டருக்கான கிராபிக்ஸ் கார்டு ஒன்றை இந்தப் பெட்டிக்குள் செருகி, ஒரே கேபிளில் லேப்டாப்போடு இணைத்தால் திணறல் நிற்கும். வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பலாம்.

இதை யார் வாங்குவார்கள்?

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு மனுஷியை உண்டாக்கித் தரச் சொல்லி அக்கா என்னிடம் வந்தாள்.

2

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பொருளைச் செய்வதற்கு முன் அதை வாங்கப்போகிறவரை எழுதிவைத்துக்கொள்வார்கள். கற்பனையான ஒருவர். வயது, வேலை, வீடு, எரிச்சல்கள். எல்லாம் ஒரே பக்கத்தில். பிறகு எந்தச் சந்தேகம் வந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் கேட்பார்கள்.

"நீதான் கதை எழுதறியே. ஒரு ஆளை எழுதிக் கொடு. எங்க ஆபீஸ்ல எழுதினா எல்லாம் விளம்பரத்துல வர்ற மாதிரி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது."

"எவ்வளவு நீளம்?"

"ஒரு பக்கம். உன் கதை என்னிக்கு அதைத் தாண்டியிருக்கு?"

உட்கார்ந்தேன்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. நகரத்தின் பரபரப்புக்கு நடுவே—

வேண்டாம்.

அவள் வீட்டில் ஒரே ஒரு மேசை. அதில் பாதியில் பாத்திரங்கள், மீதிப் பாதியில்—

இது மேசையைப் பற்றிய கதையாகிவிடும்.

மூன்றாவது முறை ஓரளவு வந்தது. வீடியோ எடிட்டர். பகலில் லேப்டாப்போடு வாடிக்கையாளர்களிடம் போகிறாள். மாலையில் வீட்டில் உட்கார்ந்து வெட்டுகிறாள். மேசை சின்னது. எல்லாம் சரி, ஆள் மட்டும் எழுந்து நிற்கவில்லை. அப்போது இரண்டு வாக்கியங்கள் சேர்த்தேன்.

அவளுக்கு இடது காது கேட்காது. அதனால் சத்தம் போடும் எதையும் இடது பக்கம் வைத்துக்கொள்வாள்.

எழுந்துவிட்டாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து சன்னலைச் சாத்தப் போனாள். எழுதுகிறவர்களுக்கு இந்த நிமிடம் தெரியும். அதற்கப்புறம் ஆளுக்கும் நமக்கும் அவ்வளவாகச் சம்பந்தம் இருக்காது.

(அந்த இரண்டு வாக்கியங்களை இங்கே திரும்ப எழுதும்போது கை நடுங்கியது என்று போடலாம். நடுங்கவில்லை. உள்ளங்கை வேர்த்தது.)

அக்கா நின்றுகொண்டே படித்தாள். காது வரியில் அவள் கண் கொஞ்சம் நின்றது. அல்லது நின்றதாக இப்போது தோன்றுகிறது.

"இவ இருக்கட்டும்" என்றாள்.

3

அலுவலகத்தில் அவளை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூட்டங்களில் மேடத்துக்கு ஒரு நாற்காலியைக் காலியாக விட வேண்டும் என்பது அக்காவின் யோசனை. என் பக்கத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்த நாற்காலியில் வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தெரியாமல் அதில் உட்காரப் போக, எல்லோரும் "மேடம் இருக்காங்க, மேடம் இருக்காங்க" என்று பதறினார்களாம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பெட்டி கறுப்பா, சாம்பலா? மேடம் சாம்பல்தான் எடுப்பாங்க. கேபிள் எவ்வளவு நீளம்? நீளம் கூடினால் வேகம் குறையும். மேடத்தின் மேசை சின்னது, அரை மீட்டர் போதும்.

ஃபேன்?

கார்டு கொதிக்கும். காற்று வேண்டும். மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன் போட்டால் சத்தம் வராது, செலவு கூடும். வேகமாகச் சுற்றும் சின்ன ஃபேன் மலிவு, ஆனால் கத்தும். அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள். இடது காது. சின்ன ஃபேன் போதும் என்று முடிவானது. பெட்டி எப்போதும் லேப்டாப்புக்கு இடது பக்கமே இருக்கும்படி கேபிள் வாயைப் பெட்டியின் வலது பக்கத்தில் வைத்தார்கள்.

இந்த ஃபேன், கேபிள் முடிவுகளெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நான் வேறு கதைகள் எழுதிக்கொண்டிருந்தேன். அவற்றில் யாரும் எதையும் வாங்கவில்லை.

4

இரண்டு வருடம் கழித்து, போன வாரம், அக்கா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதலில் செய்ததில் பாதிதான் விற்றிருக்கிறது. விற்றதிலும் நிறைய திரும்பி வருகிறது. வியாழக்கிழமை கூட்டம். இரண்டாம் முறை செய்வதா, மூடுவதா என்று அன்று முடிவாகும். மூடினால் அக்காவின் குழு கலைந்துவிடும். அவளோடு சேர்த்து ஆறு பேர்.

முடிவு செய்யப்போகிறவர் நிதிப் பொறுப்பாளர். அவருக்கு அங்கே கத்திரி என்று பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை.

"இன்னொரு பக்கம் எழுதித் தா. ரெண்டு வருஷம் கழிச்சு மேடம் எப்படி இருக்காங்க? இந்தப் பெட்டி அவங்களுக்கு இன்னும் வேணுமா?"

"வேணும்னு எழுதணுமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

சொல்லவில்லை. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அதைத் தடவிக் கொடுத்தாள்.

சந்தையைப் பற்றி நான் படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். அங்கேயும் சந்தைதான்.

லேப்டாப்புக்கு உள்ளேயே வருகிற கிராபிக்ஸ் வருடத்துக்கு வருடம் வலுக்கிறது. பெட்டி ஒரு விலை, கார்டு ஒரு விலை. இரண்டையும் கூட்டினால் மேசைக் கம்ப்யூட்டரே வந்துவிடும். கேபிள் வழியாகப் போகும்போது கார்டின் வலுவில் ஒரு பங்கு வழியிலேயே தொலைகிறது. 

ஆனால் லேப்டாப்கள் மெலிந்துகொண்டே போகின்றன. கேபிள்கள் வேகமாகின்றன. பேசினால் பதில் எழுதும் மென்பொருள்களை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் ஒரு கூட்டம் புதிதாக வந்திருக்கிறது. அவர்களுக்கு எவ்வளவு கார்டு இருந்தாலும் போதாது. ஆக, நல்ல காலம் வரும். இந்தப் பெட்டிக்கு நல்ல காலம் எப்போதும் அடுத்த வருடம்தான்.

மேடத்தைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன்.

மேடம் புது லேப்டாப் வாங்கிவிட்டாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. (நம்பும்படி இருந்தது. அதனால் கிழித்தேன்.)

மேடம் பழைய லேப்டாப்பையே வைத்திருக்கிறாள். பெட்டி அதற்கு மறுவாழ்வு கொடுத்திருக்கிறது. (நன்றாக இருந்தது. நம்ப முடியவில்லை.)

மேடம் வீட்டிலேயே அந்த மென்பொருளை ஓட்டி, அதனிடம் தினமும்— (அவளுக்கு அதில் ஆர்வம் இல்லை. எனக்காகச் சொல்ல வந்தாள், பாவம்.)

பாத்திரத்தின் மீது சந்தேகம் வந்தால் அது இருக்கும் அறையில் போய் உட்கார்ந்து பார்ப்பது என் பழக்கம். பெட்டியை இடது பக்கம் வைத்துக் கேபிளைச் செருகினேன். ஒரு வீடியோவை ஓட்டினேன்.

உள்ளறையிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"மிக்ஸியை யாரு போட்டது?"

5

பெட்டியை எடுத்துக்கொண்டு அக்காவின் அலுவலகத்துக்குப் போனேன். அக்கா வெளியே போயிருந்தாள். பின்னறையில் திரும்பி வந்த பெட்டிகள் சுவரை மறைத்து நின்றன. அவற்றின் நடுவில் ஃபேன்காரர் உட்கார்ந்து ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெட்டிக்கு ஃபேன் பொருத்திய இன்ஜினியர் அவர்.

"இது ஏன் இவ்வளவு கத்துது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களா சார் இதைக் கேக்கறீங்க? உங்க ஆளுக்குத்தானே காது கேக்காது."

"திருப்பி அனுப்பறவங்க என்ன சொல்றாங்க?"

"பாதிப் பேரு சத்தம்னுதான் சொல்றாங்க."

"அதைக் கூட்டத்துல சொன்னீங்களா?"

"சொன்னோம் சார். சத்தம்னு சொல்றவங்க நம்ம வாடிக்கையாளர் இல்ல. நம்ம வாடிக்கையாளர் மேடம்."

அவர் கிண்டல் செய்யவில்லை. ஒரு ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு சொன்னார்.

"நான் பெரிய ஃபேன்தான் கேட்டேன். உங்க அக்கா முதல் பெட்டியைத் தன் மேசையில மூணு மாசம் வச்சுப் பாத்தாங்க. தொந்தரவே இல்லன்னுட்டாங்க. இடது பக்கம்தான் வச்சிருந்தாங்க, மேடம் மாதிரியே. அவங்களே சரின்னா நான் என்னத்தைச் சொல்ல?"

நான் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

அக்காவுக்கு இடது காது கேட்காது.

சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் போனது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. அவளோடு நடந்தால் வலது பக்கம் நடப்போம். கூப்பிட வேண்டுமென்றால் சுற்றிப் போய் வலது பக்கத்திலிருந்து கூப்பிடுவோம். எல்லாத் தம்பிகளும் தங்கள் அக்காவுக்கு வலது பக்கம்தான் நடப்பார்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த அளவுக்கு அது கண்ணில் படாமல் போயிருந்தது. மேடத்துக்கு ஒரு காதைக் கொடுத்தபோது நானாக யோசித்துக் கண்டுபிடித்ததாகவே நினைத்தேன். கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

(எந்தக் காது என்பதை இந்தக் கதைக்காக மாற்றியிருக்கிறேன். காதை மாற்றியதும் பெட்டியை மாற்ற வேண்டியிருந்தது. பிறகு கேபிளை. பிறகு நாற்காலியை. தலைப்பையும்தான். எங்காவது பழைய பக்கமே தங்கியிருந்தால் மன்னிக்கவும். அந்த அலுவலகத்தில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், அவள் எனக்கு அக்காவே இல்லாமலும் இருக்கலாம்.)

6

செவ்வாய்க்கிழமை மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலது பக்கம் போய் நின்றேன். முதல் முறையாக, நிற்கிற இடம் தெரிந்து நின்றேன்.

"அக்கா, அந்தக் காது வரியை எடுத்துடட்டுமா?"

"எந்த வரி?"

"விளையாடாதே."

காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள்.

"படிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும். உனக்குத் தெரியலன்னும் தெரியும். என் பர்ஸை எடுத்துட்டு என்கிட்டயே வந்து மணி கேக்கறவன் மாதிரி நின்னுக்கிட்டிருந்த."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? நல்லா இருந்தாடா அவ." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவளுக்குக் காது கேக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் அவளுக்கு நாற்காலி போட்டாங்க."

அவளுடைய முந்தைய வேலை எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே அவள் காதைப் பற்றிச் சொல்லியிருந்தாள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அவளைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவது மட்டும் மெல்ல நின்றது. உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்றார்களாம். இந்த அலுவலகத்தில் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"அந்தச் சத்தம் உனக்குக் கேக்கவே இல்லையா?"

"லேசா ஊதற மாதிரி கேட்டுது. அவ்வளவுதான் சத்தம்னு நினைச்சேன். நீங்கல்லாம் எவ்வளவு கேக்கறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சட்டையின் கையை விரித்தாள்.

"வியாழக்கிழமை சொல்லிடுக்கா. ஃபேனை மாத்தினா வித்துடும்."

"விக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"விக்காமலும் போலாம். அப்ப நான் சொன்னதுதான் மிச்சம். பெட்டியும் போயிருக்கும், நானும் போயிருப்பேன்."

"ஃபேன்காரர் எல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"அதைத்தான் நினைச்சுக்கிட்டே இந்தச் சட்டையை மூணாவது தடவை தேய்க்கறேன்."

கிளம்பும்போது கேட்டாள்.

"ரெண்டாவது பக்கம் எழுதிட்டியா?"

"இல்ல."

"எழுத வேணாம். கத்திரி உன்னையே கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு. மேடத்தைப் பத்திக் கேக்கணுமாம்."

7

புதன்கிழமை முழுக்க முடிவுகள் எழுதிக்கொண்டிருந்தேன்.

முடிவு ஒன்று. அக்கா தானே எழுந்து சொல்கிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (எந்த அலுவலகத்தில்?)

முடிவு இரண்டு. நான் சொல்லிவிடுகிறேன். பெரிய ஃபேன் போடுகிறார்கள். பெட்டி பிழைக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. உங்களுக்கு எதுக்குச் சிரமம்.

முடிவு மூன்று. யாரும் எதுவும் சொல்லவில்லை. வெளியிலிருந்து விலைக்கு வாங்கிய சந்தை அறிக்கையின் கடைசி வரியைக் கத்திரி வாசிக்கிறார்: இப்பொருளுக்குப் போதிய தேவை இல்லை. ஆறு பேரும் வேறு வேலை தேடுகிறார்கள். தேவை இருந்ததா, சத்தம்தான் துரத்தியதா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. அக்காவின் ரகசியம் பத்திரமாக இருக்கிறது.

முடிவு நான்கு. அக்கா சொல்லியும், ஃபேன் மாற்றியும், பெட்டி சத்தமே இல்லாமல்—

இதை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. சந்தை என்பதை நான் ஓர் ஆளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒழுங்காக எழுதினால் எழுந்து வந்து வாங்கிவிடும் என்று.

8

நீளமான மேசை. நடுவில் தண்ணீர் பாட்டில்கள். மேசையின் சன்னலோர முனையில் அக்கா. அவளுக்கு வலது பக்கம் வரிசையாக மற்றவர்கள், ஃபேன்காரர், நான். இடது பக்கம் மேடத்தின் நாற்காலி. அதற்கப்பால் யாரும் இல்லை. சன்னல்தான்.

இரண்டு வருடமாகக் கதையாகக் கேட்டு வந்த அந்த நாற்காலியை அன்றுதான் நேரில் பார்த்தேன். அங்கே யாராவது உட்கார்ந்து பேசினால் அக்காவுக்குக் கேட்காது. யாரும் உட்காராதபடி மேடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நிதிப் பொறுப்பாளர் வந்தார். கத்திரி என்ற பெயர் அவருக்குப் பொருந்தவில்லை. மெல்லிய குரல். உட்காருவதற்கு முன் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். பெட்டியை மேசை நடுவில் வைத்து, லேப்டாப்போடு இணைத்து, ஓட்டினார். அறையில் யாரும் பேசவில்லை. பேசியிருந்தாலும் கேட்டிருக்காது. அக்கா தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தினார்.

"சந்தை இல்லன்னா மூடிடலாம். எனக்கு அதுல சங்கடம் இல்ல. இந்தச் சத்தம்தான் காரணம்னா இன்னொரு தடவை செஞ்சு பாக்கலாம், அதுக்கும் தயார். எது காரணம்னு யாராவது எனக்குச் சொல்லணும்."

"சத்தம்தான் சார்" என்றார் ஃபேன்காரர். "ஆனா மேடத்துக்கு—"

"மேடம்."

நிதிப் பொறுப்பாளர் எழுந்தார். பேசிக்கொண்டே மேசையைச் சுற்றிச் சன்னல் பக்கம் போனார். காலி நாற்காலியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். இப்போது அவர் அக்காவுக்கு இடது பக்கம் நின்றார். தாளைப் படித்தபடி, குரலை உயர்த்தாமல் அவளிடம் கேட்டார்.

"மூணு மாசம் உங்க மேசையிலதானே ஓடிச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

அக்கா திரும்பவில்லை.

எங்கள் வரிசையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எல்லோரும் தன்னைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

அவர் காத்திருந்தார். பிறகு தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். நாற்காலியைப் பார்த்தார். அக்காவின் பின்தலையைப் பார்த்தார்.

இதற்கு மேல்தான் என்னால் எழுத முடியவில்லை. அதனால் நான் எழுந்துகொள்கிறேன். என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். அக்காவுக்கு வலது பக்கம், ஃபேன்காரரை அடுத்து. அக்கா இப்போது உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் நிற்கிற மனிதர் அதே மெல்லிய குரலில் உங்களிடம் கேட்பது அவளுக்குக் கேட்காது.

"இந்தக் காது எங்கேருந்து வந்துச்சு? யாரைப் பாத்து எழுதினீங்க?"